ஓநாய்க் கணக்கு

ஹோட்டன்

செம்புச் சுரங்கங்களால் பிறந்து, செம்பு வற்றிய பிறகு பல்கலைக்கழகத்தை வைத்துப் பிழைத்துக்கொண்ட ஊர் ஹோட்டன். அமெரிக்காவின் வடக்கு விளிம்பில், சுப்பீரியர் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கீவனா தீபகற்பத்தில் இருக்கிறது. சரிவில் செந்நிறக் கல் கட்டடங்கள், அடியில் கால்வாய், கப்பல் வந்தால் நடுப்பகுதி மட்டும் மேலே எழும்பிக்கொள்ளும் இரும்புப் பாலம். வீட்டுக் கூரைகள் செங்குத்தாக இறங்குகின்றன. குளிர்காலத்தில் சராசரியாக ஐந்து மீட்டர் பனி கொட்டும் ஊரில் வேறு எப்படிக் கூரை போடுவது? நான் போனது ஆகஸ்ட் கடைசி. எனக்கு ஸ்வெட்டர் தேவைப்பட்டது. உள்ளூர்க்காரர்கள் வெயில் தாங்கவில்லை என்று சொல்லிக்கொண்டு தண்ணீரில் குதித்தார்கள்.

அக்கா மகன் இங்கே இயந்திரப் பொறியியல் படிக்கிறான். சத்தியமங்கலத்தில் வளர்ந்தவன்தான், ஆனால் காடென்றால் அவனுக்குத் திம்பம் மலைப்பாதையில் யானை மறித்து பஸ் நின்ற ஞாபகம் மட்டும்தான். "ஏனுங்க மாமா, அமெரிக்கா வந்துட்டு நயாகராவக்கூடப் பாக்காம ஓநாய்த் தீவுக்குப் போலாம்ங்கறீங்க" என்று சலித்துக்கொண்டான். சலித்துக்கொண்டே இரண்டு பைகளையும் அவனே தூக்கிக்கொண்டான்.

ஓநாய்த் தீவான ஐல் ராயலுக்குப் போகும் கப்பலுக்கு முன் பேஸ்டி சாப்பிட்டோம். இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர்கள் மதியச் சாப்பாடாகக் குழிக்குள் கொண்டுபோன பண்டம். சோமாசியை ஐந்தாறு மடங்கு பெரிதாக்கி, பூரணத்தை எடுத்துவிட்டு மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ருடபாகா என்கிற மஞ்சள் கிழங்கு அடைத்து அடுப்பில் சுட்டது. உப்பும் மிளகும் தவிர வேறொன்றும் கிடையாது. பசிக்கு நல்லது, நாக்குக்கு அவ்வளவு இல்லை. கார்ன்வால்காரர்களுக்குப் பிறகு வந்த ஃபின்லாந்துக்காரர்கள் இதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். கடைக்கார அம்மாவும் ஃபின்லாந்து வம்சம்.

"ஐல் ராயலுக்கா? ஓநாயைப் பார்க்க மாட்டீர்கள். இப்போதே சொல்லிவிடுகிறேன்" என்றார். அவர் அந்தத் தீவுக்குப் போனதே இல்லை. ஆனால் எண்கள் தெரிந்திருந்தன. ஒவ்வொரு குளிர்காலமும் முடிகிறபோது இந்த ஆண்டு ஓநாய் எத்தனை, மூஸ் எத்தனை என்று செய்தி வருமாம். அவருடைய அப்பா காலத்திலிருந்து வருகிறதாம்.

உண்மைதான். பர்டியூ பல்கலைக்கழகத்தின் டர்வர்டு ஆலன் 1958இல் அந்தக் கணக்கைத் தொடங்கினார். பத்தாண்டு போதும் என்று நினைத்திருந்தார். அவருக்குப் பின் ரோல்ஃப் பீட்டர்சன், அவரோடு ஜான் வுசெட்டிச் என்று கை மாறி, ஹோட்டனில் இருக்கும் மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்கு வந்து இன்றுவரை நடக்கிறது. ஒரு வேட்டை விலங்கையும் அதன் இரையையும் இத்தனை காலம் விடாமல் எண்ணிய இடம் உலகில் வேறில்லை. எண்ணிப் பார்த்து என்ன கிடைத்தது என்று தெரிந்துகொள்ளத்தான் நான் புறப்பட்டேன்.

ஏரியில்

கால்வாய் முடிந்து ஏரி திறந்ததும் மருமகன் பேச்சை நிறுத்திவிட்டான். மறுகரை இல்லை. தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவான தண்ணீர். அலை உண்டு, அடிவானம் உண்டு, உப்பு வாசம் மட்டும் கிடையாது. ஆறு மணி நேரப் பயணத்தின் பெரும்பகுதி கண்ணுக்கு எதுவும் தட்டுப்படாமல் போகிறது.

எதிரே உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் எலும்பு பொறுக்கப் போகிறவர். கேலியில்லை. ஆய்வுக்காகத் தன்னார்வலர்கள் குழுகுழுவாகத் தீவின் காட்டுக்குள் பாதையில்லாத இடங்களில் அலைந்து, செத்த மூஸின் எலும்புகளைத் தேடி எடுத்துக் கொடுக்கிறார்கள். மண்டையோட்டைப் பைக்கு மேல் கட்டிக்கொண்டு சதுப்பில் முழங்கால் வரை இறங்கி நடப்பதை அவர் விடுமுறை என்று அழைத்தார்.

தீவின் கதையை அவர்தான் வரிசையாகச் சொன்னார். மூஸ் என்பது மான் குடும்பத்திலேயே பெரியது, ஆண் நானூறு கிலோவைத் தாண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது இங்கே வந்தது. கரை இருபது கிலோமீட்டருக்கும் மேல். நீந்தி வந்ததா, யாராவது கொண்டுவந்து விட்டார்களா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. வந்த இடத்தில் தின்ன ஆள் இல்லை, தடுக்கவும் ஆள் இல்லை. பெருகியது. 1929, 1930இல் தீவுக்கு வந்த ஆய்வாளர் அடால்ஃப் மியூரி, மூஸ் தன் சாப்பாட்டையே தின்று தீர்த்துக்கொண்டிருக்கிறது, இது நிற்காது என்று எச்சரித்தார். சில ஆண்டுகளில் பட்டினியில் கொத்துக்கொத்தாக விழுந்தன. 1936இல் பெருந்தீ தீவில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை எரித்தது. தீக்குப் பின் வந்த இளந்தளிரைத் தின்று மறுபடி பெருகின. ஓநாய் என்ற ஒன்று கதைக்குள் வருவதற்கு முன்பே ஒரு ஏற்றம், ஒரு வீழ்ச்சி, இன்னொரு ஏற்றம்.

1940களின் இறுதியில் ஏரி உறைந்த ஒரு குளிர்காலத்தில் கனடாப் பக்கமிருந்து சில ஓநாய்கள் நடந்தே வந்து சேர்ந்தன. அது தெரியாத சிலர் ஓநாய் இல்லாத குறையைத் தீர்ப்பதாக எண்ணி, 1952இல் டெட்ராய்ட் மிருகக்காட்சி சாலையில் பிறந்த நான்கு ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை மூஸைத் துரத்தவில்லை. மனிதர்கள் இருக்கும் இடமாகத் தேடி வந்து சாப்பாட்டுக்கு நின்றன. அந்த முயற்சி அத்தோடு போயிற்று. பனியில் நடந்து வந்தவை வேலையை ஒழுங்காகத் தொடங்கியிருந்தன. முதலில் மறைந்தது மூஸ் அல்ல, கொயோட்டி என்னும் குள்ளநரி ஜாதி. பத்தாண்டுக்குள் தீவில் ஒரு கொயோட்டிகூட மிச்சமில்லை. அதைவிடச் சிறிய செந்நரி தப்பித்துக்கொண்டது. ஓநாய் விட்டுப்போன எச்சத்தைத் தின்று இன்னும் செழிப்பாக இருக்கிறது. பங்காளியாகத் தோன்றுகிறவனைத்தான் ஓநாய் கொல்கிறது, பிச்சைக்காரனை விட்டுவிடுகிறது என்றார் ஆசிரியர்.

ராக் ஹார்பர்

படகுத்துறையில் கால் வைத்ததும் கண்ணில் படுகிற விதி: நாய்க்கு அனுமதி இல்லை. தரையில் மட்டுமல்ல, கரையோரம் நிற்கும் படகுக்குள்ளேயும் கூடாது. நாயைப் பிள்ளையாக வளர்க்கிற நாட்டில் இவ்வளவு கறாரை எதிர்பார்க்கவில்லை.

காரணம் ஒரு வரைபடத்தில் இருக்கிறது. இரண்டு கோடுகள், கீழே ஆண்டுகள். பாடப்புத்தகத்தில் இந்த இடத்தில் அழகான அலைகள் இருக்கும். இரை கூடினால் வேட்டை விலங்கு கூடும், அது கூடினால் இரை குறையும், இரை குறைந்தால் அதுவும் குறையும், பிறகு முதலிலிருந்து. 1920களில் லோட்காவும் வோல்டெராவும் தனித்தனியே எழுதிய சமன்பாடுகள் இந்த அலையை முடிவில்லாமல் ஓட்டிக்காட்டும். அதைச் சோதிக்க ஐல் ராயலைவிட வாகான இடம் கிடையாது. எழுபது கிலோமீட்டர் நீளம், கரடி இல்லை, சாதாரண மான் இல்லை, வேட்டைக்காரர் இல்லை. ஒரே ஒரு பெரிய ஊனுண்ணி, அதற்கு ஒரே ஒரு பெரிய இரை.

அந்தக் கோடுகளில் அலை தெரியும்போலத் தொடங்கி, தெரியாமல் போய்விடுகிறது. எழுபதுகளில் மூஸ் குறைய ஓநாய் ஏறுகிறது. 1980இல் ஐம்பது. அவ்வளவு சிறிய நிலத்தில் அவ்வளவு ஓநாய் என்பதே அதிகம். கூட்டங்கள் எல்லைக்காக ஒன்றையொன்று கடித்துக் கொன்றன. ஓநாயைக் கொல்வது பெரும்பாலும் பசியோ இன்னொரு ஓநாயோதான். இதுவரை கணக்கு சரி. ஆனால் 1982இல் எண்ணிக்கை பதினான்கு. இந்தச் சரிவைப் பசியாலும் சண்டையாலும் மட்டும் விளக்க முடியவில்லை. இரத்தத்தைச் சோதித்தபோது பார்வோ வைரஸின் தடயம் கிடைத்தது. எழுபதுகளின் பிற்பாதியில்தான் உலகத்து நாய்களிடையே தோன்றிய புதுக் கிருமி அது. யாரோ விதியை மீறிக் கொண்டுவந்த நாயோடு இறங்கியிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள்.

"ஒரு நாயா மாமா?" என்றான் மருமகன்.

ஒரு நாய். அதன் விளைவு பதினைந்து ஆண்டுகள் நீண்டது. ஓநாய் மேலே வரவில்லை, மூஸ் ஏறிக்கொண்டே போனது. 1995இல் சுமார் 2,400. அடுத்த குளிர்காலம் கடுமையாக வந்தது. பனி ஆழம், கொறிக்கக் கிளை இல்லை, உடம்பு முழுக்க உண்ணி. குளிர்கால உண்ணி என்றே அதற்குப் பெயர். ஒரு மூஸின் மேல் பல்லாயிரம் ஏறி, பனி முடியும்வரை இரத்தம் குடிக்கும். அரிப்புத் தாங்காமல் மரத்தில் உரசி உரசி முடியைப் பிய்த்துக்கொண்டு, வெளுத்த தோலோடு குளிரில் நிற்கும். 1997இல் எண்ணியபோது ஐந்நூறு. ஐந்தில் நான்கு பங்கைக் கொண்டுபோனதில் ஓநாயின் பங்கு சொற்பம்.

அன்றிரவு முகாமில் பக்கத்துக் கூடாரத்துக்காரர் கழற்றி வைத்திருந்த ஷூ ஒன்றை நரி தூக்கிக்கொண்டு போயிற்று. இந்தத் தீவின் நரிகளுக்கு அது வழக்கமாம். மருமகன் தன் ஷூக்களைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினான்.

எடிசன் மீன்துறையும் பேங்ஸண்ட் குடிலும்

சிறு படகில் எதிர்க்கரை போனால் ஒரு பழைய மீன்பிடி நிலையம். சாம்பல் நிற மரக்குடிசைகள், வலை உலர்த்தும் சட்டங்கள், மேட்டில் வெள்ளைக் கலங்கரை விளக்கம். ஏரி டிரவுட் பிடித்து வாழ்ந்த நார்வேக்காரக் குடும்பங்கள் இந்தக் கரை நெடுக இருந்தன. இன்று அவர்களுடைய வீடுகளில் பல வெறும் பெயர்தான். தீவு தேசியப் பூங்காவானது ஒரு காரணம், இன்னொரு காரணம் லாம்ப்ரே. விலாங்கு போன்ற உடம்பும் வட்ட வாய் நிறையப் பற்களும் கொண்ட இந்தக் கடல் உயிர் மீனின் விலாவில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும். நயாகரா அருவி பல்லாயிரம் ஆண்டுகள் அதை மேல் ஏரிகளுக்கு வரவிடாமல் தடுத்து வைத்திருந்தது. அருவியைச் சுற்றிக் கப்பல் போகக் கால்வாய் வெட்டினார்கள். 1938இல் சுப்பீரியருக்கு வந்து சேர்ந்தது. 1950களில் டிரவுட் மீன்பிடி விழுந்தது. "பாத்தியா, நயாகரா பத்தித் தெரிஞ்சுக்கணும்னா இங்கதான் வரணும்" என்றேன். மருமகன் பதில் சொல்லவில்லை.

அங்கிருந்து காட்டுப் பாதையில் கொஞ்ச தூரம் நடந்தால் பேங்ஸண்ட் குடில். இதுவும் ஒரு மீனவர் வீடுதான். பல பத்தாண்டுகளாக ரோல்ஃப் பீட்டர்சனும் மனைவி கேண்டியும் கோடைதோறும் தங்கி ஆய்வை நடத்திய இடம். வெளியே புல்வெளியில் கொம்புகளும் மண்டையோடுகளும் வரிசை வரிசையாக வெயில் காய்ந்தன. எங்கள் ஊர்க் காட்டில் ஒரு மான்கொம்பைக் கையில் எடுத்தாலே வனத்துறை கேள்வி கேட்கும். இங்கே தொட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள்.

அங்கிருந்த இளம்பெண், மாணவி, ஒரு இடுப்பு எலும்பை எடுத்து மூட்டுக் குழியைக் காட்டினாள். வழவழப்பாக இருக்க வேண்டிய இடம் சொரசொரத்துச் சிதைந்திருந்தது. மூட்டுவாதம். வயதான மூஸை ஓநாய் பிடிப்பதற்கு இதுதான் வாசல். நல்ல உடம்போடு எதிர்த்து நிற்கும் மூஸை ஓநாய்க் கூட்டம் சோதித்துப் பார்த்துவிட்டு விலகிப்போகும். ஆய்வின் தொடக்க ஆண்டுகளில் டேவிட் மெக் என்ற ஆய்வாளர் விமானத்திலிருந்து கவனித்த வேட்டைகளில் வெற்றி பெற்றவை நூற்றுக்குப் பத்தைத் தொடவில்லை. அகப்படுவது கன்று, அல்லது கிழம்.

அந்த மூட்டுவாதம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு எலும்புகள் சொன்ன பதில்தான் இந்தப் பயணத்தில் என்னை நிறுத்தி வைத்தது. தாய் பட்டினி கிடந்த ஆண்டில் பிறந்து, குட்டியில் சரியாக வளராத மூஸுக்கே முதுமையில் அது அதிகம். அதாவது மூஸ் பெருகி ஒன்றின் தீனியை இன்னொன்று பறித்துக்கொண்ட ஒரு வசந்தத்தின் கடன், பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து ஓநாயின் இரையாக அடைபடுகிறது. இன்றைய ஓநாய் எண்ணிக்கையை இன்றைய மூஸ் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது என்று அவள் அலட்சியமாகச் சொன்னாள். ஒரு தலைமுறைக்கு முன் மூஸ் மூஸுக்குச் செய்ததையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மண்டையோடுகளை வயதுவாரியாக அளந்ததில் நாற்பது ஆண்டுகளில் அவை சிறுத்துப்போயிருப்பதும் தெரிந்திருக்கிறது. மரங்களும் சாட்சி சொல்லியிருக்கின்றன. குளிர்காலத்தில் மூஸின் முக்கியத் தீனி பால்சம் ஃபிர் என்னும் ஊசியிலை மரம். அதன் தண்டில் வளையங்களை எண்ணியபோது ஓநாய் கூடிய காலத்தில் வளையம் தடித்தும், குறைந்த காலத்தில் மெலிந்தும் இருந்தது. 1994இல் மெக்லாரனும் பீட்டர்சனும் இதை வெளியிட்டார்கள். மரத்தை ஓநாய் தொட்டதுகூட இல்லை.

கடைசியாக அவள் காட்டியது ஓநாயின் முதுகெலும்பு. இடுப்பருகே கணுக்கள் ஒழுங்கில்லாமல் கோணியிருந்தன. சோதித்த தீவு ஓநாய்களில் 58 விழுக்காட்டுக்கு இந்தக் குறை. வெளிநிலத்து ஓநாயில் நூற்றுக்கு ஒன்றுதான். ஒரே பெண் ஓநாயின் வழிவந்த கூட்டம் பல தலைமுறை தனக்குள்ளேயே கூடியதன் விளைவு.

ஓஜிப்வே மலை

மலை என்பது மரியாதைக்கு. நம் கண்ணுக்குக் கரடுதான். ஆனால் ஏறுகிற வழி நெடுக திம்பிள்பெர்ரி பழுத்திருந்தது. ராஸ்பெர்ரிக்கு அக்காள், புளிப்பு அதிகம், தொட்டாலே கையில் நசுங்கும். கடையில் அதன் ஜாம் ஒரு புட்டி விலையைக் கேட்டு வைத்துவிட்டு வந்தவன் நான். இங்கே வயிறு நிறையத் தின்றேன்.

உச்சியில் பழைய தீக்கண்காணிப்புக் கோபுரம். அதன் படியில் நின்றால் தீவின் இரண்டு பக்கமும் தெரிகிறது. வடமேற்கே நீல வரியாகக் கனடா. அந்த நீலத்துக்கும் இதற்கும் இடையில் இருக்கும் தண்ணீர் உறைகிறதா இல்லையா என்பதில்தான் மிச்சக் கதை.

1997இல் உறைந்தது. ஒரு ஆண் ஓநாய் நடந்து வந்தது. நல்ல பருமன், பார்த்தவர்கள் வியந்த வலிமை. வயதாக ஆக வெளுத்ததால் 'கிழட்டுச் சாம்பலன்' என்கிற பொருளில் ஒரு செல்லப்பெயர் வைத்தார்கள். அவன் வந்ததே அன்று யாருக்கும் தெரியாது. எச்சத்தில் எடுத்த மரபணுவை வைத்துப் பிற்பாடு கண்டுபிடித்தது. பத்தே ஆண்டில் தீவின் ஒவ்வொரு ஓநாயும் அவனுக்கு உறவு, மொத்த மரபில் 56 விழுக்காடு அவனுடையது. கதை இங்கே முடிந்திருந்தால் சுபம். ஆனால் அவன் வந்த ஆண்டுதான் மூஸ் ஐந்நூறுக்கு விழுந்த ஆண்டு. புது இரத்தம் வந்தபோது சாப்பாடு இல்லை. எண்ணிக்கை முப்பதுவரை ஏறியதே பெரிது. அப்புறம் அவனுடைய வெற்றியே வினையாயிற்று. எல்லாரும் அவன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அவனும் மகளோடு கூடினான். 2011இல் பதினாறு, 2012இல் ஒன்பது. அதில் மூன்று செத்தது நோயால் அல்ல, பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செம்புச் சுரங்கத்தின் நீர் நிறைந்த குழியில் விழுந்து. 2018இல் மிஞ்சியவை இரண்டு. தகப்பனும் மகளும். ஒரே தாய்க்குப் பிறந்ததால் அண்ணன் தங்கையும்கூட.

இங்கே நின்றபோது ஊர் நினைவு வந்தது. சத்தியமங்கலத்திலிருந்து ஒரு புலி பிலிகிரிரங்கன் மலைக்கோ, மாயாறு வழியாக முதுமலை, பந்திப்பூருக்கோ கிளம்பினால் நடந்தே போய்ச் சேரும். எங்கள் காட்டுக்குப் பனிப்பாலம் வேண்டியதில்லை, குறுக்கே நாம் நிற்காமல் இருந்தால் போதும். பண்ணாரிக்கு மேல் இரவுப் போக்குவரத்துக்கு நீதிமன்றம் 2022இல் தடை போட்டபோது ஊரில் எழுந்த கூச்சலில் நானும் இரண்டு தரப்பையும் கேட்டிருக்கிறேன். தாளவாடிக்காரர்களின் காய்கறி லாரிக் கவலை பொய்யில்லை. ஆனால் பாதை அடைபட்ட காட்டுக்கு என்ன ஆகும் என்று காட்ட ஒரு இடம் வேண்டுமென்றால் அந்தக் கோபுரத்துக்குத்தான் கூட்டி வருவேன்.

அறுபதுகளில் பனிப்பாலம் பெரும்பாலான குளிர்காலங்களில் அமைந்ததாம். இப்போது பத்தாண்டுக்கு ஓரிரு முறை அமைந்தால் உண்டு.

விண்டிகோ

தீவின் மேற்குக் கோடி. படகிலிருந்து இறங்கி ஓடையோரம் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மூஸ் வந்தது. தாயும் கன்றும். தண்ணீருக்குள் தலையை முழுக்க விட்டு, நீர்த்தாவரத்தை வாய் நிறையப் பிடுங்கி எடுத்து, காதிலிருந்து தண்ணீர் ஒழுக எங்களைப் பார்த்தது. இலையில் கிடைக்காத சோடியத்துக்காக நீர்ச்செடியை நாடுகிறது என்று படித்திருந்தேன். படித்ததைச் சொல்ல வாயெடுத்தபோது மருமகன் "சும்மாருங்க மாமா" என்றான். முதல் தடவையாக அவன் போனை எடுக்கவில்லை.

பக்கத்தில் மூஸ் நுழையாதபடி வேலியிட்ட ஒரு துண்டு நிலம் இருக்கிறது. உள்ளே ஃபிர்கள் நெருங்கி ஆளுயரம் தாண்டி நிற்கின்றன. வெளியே அதே மண்ணில், அதே மழையில், மூஸ் தொடாத ஸ்ப்ரூஸ் மட்டும் தாராளமாக வளர்ந்திருக்கிறது. தீவின் இந்த மேற்குப் பகுதியில் இன்று விதை கொடுக்கும் முதிய ஃபிர்கள் விழுந்தால் அந்த இடத்துக்கு வர இளையது கிடையாது. ஓநாய் அருகிப்போன பத்தாண்டில் மூஸ் மறுபடி இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது.

ஓநாயைக் கொண்டுவந்து விடலாமா என்பதில் பெரிய வழக்காடல் நடந்தது. சட்டப்படி இது மனிதக் கை படாத காடு. இயற்கையை அதன் போக்கில் விடுங்கள், ஓநாய் அழிந்தால் அழியட்டும், மறுபடி பனி உறைந்தால் வரட்டும் என்றது ஒரு கட்சி. நேர்மையான வாதம்தான், நானும் ஒரு காலத்தில் அப்படியே பேசியிருப்பேன். ஆனால் நாயோடு வந்த கிருமியும், மூடாமல் விட்ட சுரங்கக் குழியும், நம் புகையால் உறையாமல் போன ஏரியும் யாருடைய கை? கையை எடுத்துவிட்டோம் என்று சொல்ல முதலில் கை வெளியே இருக்க வேண்டும்.

2018, 2019இல் பூங்காத் துறை 19 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டது. சில மினசோட்டாவிலிருந்து, சில கனடாவிலிருந்து. கனடாவின் மிச்சிபிகோட்டன் தீவிலிருந்து வந்தவற்றின் கதை தனி. அங்கே 2014இல் பனி உறைந்து ஓநாய் நுழைந்தது. நூற்றுக்கணக்கில் இருந்த கரிபூ மான்களைச் சில ஆண்டில் தின்று தீர்த்தது. மிச்சமிருந்த ஒருசிலவற்றை ஹெலிகாப்டரில் ஏற்றி வேறு தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். இரையில்லாமல் காய்ந்துகிடந்த ஓநாய்களை இங்கே கொண்டுவந்தார்கள். அதே ஏரி, அதே ஓநாய். ஓரிடத்தில் அது வந்ததால் காடு சரிந்தது, இன்னோரிடத்தில் அது போனதால்.

கணக்கெடுப்புக் குழு குளிர்காலத்தில் தங்குவது இங்கேதான். உறைந்த துறைமுகத்தில் சறுக்குச்சட்டம் பூட்டிய சிறு விமானம் இறங்கும். 2024 கணக்கில் ஓநாய் 30, மூஸ் 840. அந்த ஆண்டு விமானம் நிற்கும் அளவுக்குப் பனிக்கட்டி இல்லாமல் வேலையை முன்கூட்டியே முடிக்க வேண்டியதாயிற்று. அறுபத்தைந்து ஆண்டுக்கு மேல் எண்ணியவர்கள் சொல்வது இதுதான்: எந்த ஐந்தாண்டும் வேறெந்த ஐந்தாண்டு போலவும் இல்லை. சமநிலை என்று நாம் மேடையில் பேசுகிற அந்தத் தராசு முள் இங்கே ஒரு நாள்கூட நடுவில் நின்றதில்லை. நின்றதாகத் தெரிந்த காலங்கள், யாராவது வந்து சேர்ந்த அல்லது வராமல்போன சமாச்சாரத்தின் இடைவேளை.

கிராண்ட் போர்ட்டேஜ்

படகு மினசோட்டாக் கரையில் கொண்டுவிட்டது. ஓஜிப்வே மக்களின் ஒதுக்கீட்டு நிலம். அவர்களுக்குத் தீவு பூங்காவல்ல, மினோங், முன்னோரின் செம்பு மண். ஓநாயும் முதல் மனிதனும் சகோதரர்களாகச் சேர்ந்து உலகைச் சுற்றி வந்தவர்கள், ஒருவனுக்கு வருவது மற்றவனுக்கும் வரும் என்பது அவர்களுடைய பழங்கதை.

துறைக்கருகே ஒரு பெரியவரும் அவர் மகளும் காட்டரிசி சூப் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஏரித் தண்ணீரில் தானாக விளையும் கறுத்த நீள அரிசி. வேக நேரமெடுக்கும், புகை வாசம் இருக்கும், சாதமாக நினைத்து வாயில் போட்டால் ஏமாறுவோம். மருமகன் ஏமாந்தான், பிறகு இரண்டாம் கரண்டியில் சமாதானமானான்.

தீவுக்குப் போன ஓநாய்களில் சில இவர்கள் நிலத்திலிருந்து பிடிக்கப்பட்டவை. அதில் ஒரு பெண் ஓநாய் 2019 ஜனவரி கடைசியில் ஏரி உறைந்ததும் பனி மேல் நடந்து திரும்பிவிட்டது. "அத்தனை அதிகாரிகள், அத்தனை ஹெலிகாப்டர். அவள் யாரையும் கேட்கவில்லை" என்று பெரியவர் சிரித்தார். பனிப்பாலம் வழியாகப் புது இரத்தம் உள்ளே வரும் என்று காத்திருந்தவர்களுக்கு, அதே பாலம் வெளியேயும் போகும் என்பது அன்று கிடைத்த பாடம்.

இங்கே மூஸ் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. வடகிழக்கு மினசோட்டாவில் 2006இல் எட்டாயிரத்துக்கும் மேல் இருந்தவை சில ஆண்டில் பாதிக்கும் கீழே போயின. ஓநாய் கன்றுகளைத் தின்கிறது, உண்ணி இருக்கிறது, ஆனால் அவர் முதலில் சொன்னது மானை. வால் வெண்ணிறமான சாதாரண மான். அதன் மூளையைச் சுற்றிய சவ்வில் ஒரு புழு வாழ்கிறது. மானுக்கு அதனால் தொந்தரவில்லை. புழுவின் குஞ்சு மான் சாணத்திலிருந்து நத்தைக்குள் போய், நத்தை இலையோடு மூஸின் வாய்க்குள் போனால் மூளையைத் துளைக்கிறது. மூஸ் ஒரே இடத்தில் வட்டமடித்து விழுந்து சாகும். முன்பெல்லாம் இவ்வளவு வடக்கே கடும் பனியில் மான் தாக்குப்பிடிக்காது. குளிர் இளகியபின் வந்து குடியேறிவிட்டது. தீவில் மூஸ் பட்டினி கிடந்ததே தவிர இந்தப் புழுவால் சாகவில்லை. மான் அங்கே போக முடியவில்லை, அவ்வளவுதான்.

"அப்படியென்றால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?"

"நான் கிழவன். ஆராய்ச்சி எல்லாம் பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள். என் பங்குக்கு வேட்டைக் காலத்தில் மான் சுடுகிறேன்." அகப்பையால் என் கிண்ணத்தைக் காட்டினார். "நீங்களும்தான் உதவிக்கொண்டிருக்கிறீர்கள்."

அதுவரை அந்தச் சூப்பில் மிதந்த துண்டுகள் ஆட்டுக்கறி என்று நினைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மருமகன் கரண்டியை நிறுத்தி என்னைப் பார்த்தான். பிறகு, "இன்னொரு கிண்ணம் வாங்கலாங்களா மாமா?" என்றான்.